குருதியழுத்தமும் மரபணுக்களும் (விலங்கு மாதிரிகள்)

குருதியழுத்தம் என்பது இதயம், குருதி நாளங்கள், சிறுநீரகம், நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவை சேர்ந்து நிலைநிறுத்தும் ஓர் அளவாகும். இவ்வுறுப்புகளின் புரதங்களை ஆக்கும் மரபணுக்களில் ஏற்படும் வேறுபாடுகள் குருதியழுத்தத்தையும் மாற்றக்கூடும். மனிதரில் உணவு, வயது, உடல் எடை, மன அழுத்தம் ஆகியன மரபுக் கூறுகளோடு பின்னிக் கிடப்பதால், ஒரு தனி மரபணுவின் பங்கைப் பிரித்தறிவது கடினம். ஒரே உணவும் ஒரே சூழலும் கொடுத்து வளர்க்கக்கூடிய எலிகளும் சுண்டெலிகளும் இத்துறையில் இன்றியமையாதவை ஆனது இதனாலேயே.

தெரிவு இனப்பெருக்க எலிகள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால், உப்பு மிகுந்த உணவை உண்ட எலிகளில் சிலவற்றுக்கு மட்டுமே குருதியழுத்தம் உயர்வதைக் கண்டார். அவ்வாறு உயர்ந்தவற்றைத் தமக்குள்ளும், உயராதவற்றைத் தமக்குள்ளும் இனப்பெருக்கம் செய்வித்தார். சில தலைமுறைகளில் உப்புணர் வகை, உப்புத்தாங்கு வகை என இரு வழிகள் உருவாயின. ஒரே உப்பு, இருவேறு விளைவு: உப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை. பின்னர் இவ்விரு வகைகளுக்கிடையே சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தியபோது, குருதியழுத்தம் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தொடர்ந்தே சென்றது. உப்புத்தாங்கு எலியின் சிறுநீரகத்தைப் பெற்ற உப்புணர் எலிக்கு அழுத்தம் குறைந்தது.

1963இல் சப்பானின் கியோத்தோவில் ஒகமோட்டோவும் ஆவோகியும் வேறொரு வகையை அறிவித்தனர். இவ்வெலிகளுக்குக் கூடுதல் உப்பு தேவையில்லை. வளர வளரத் தாமாகவே உயர் குருதியழுத்தம் பெறுகின்றன. குருதியழுத்த மருந்து ஆய்வுகளில் இவை மிகப் பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. எனினும் ஒரு குறையுண்டு. இவற்றுடன் ஒப்பிடப்படும் இயல்பழுத்த எலிகள் குருதியழுத்தத்தில் மட்டுமன்றி வேறு பல மரபணுக்களிலும் வேறுபடுகின்றன. ஆகவே இரு வகைகளுக்கிடையே காணும் ஒவ்வொரு வேறுபாடும் அழுத்தத்தின் காரணம் ஆகிவிடாது.

மரபணுவின் எண்ணிக்கையை மாற்றுதல்

சுண்டெலியில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை நீக்கவோ இரட்டிக்கவோ இயன்ற பின்னர் கேள்வி கூர்மையாயிற்று. 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் ஸ்மித்தீசின் குழு, ஆஞ்சியோடென்சினோசன் என்னும் புரதத்துக்குரிய மரபணுவின் படிகளை ஒன்று முதல் நான்கு வரை கொண்ட சுண்டெலிகளை உருவாக்கி, 1995இல் முடிவுகளை வெளியிட்டது. படி ஒன்று கூடும்தோறும் குருதியழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரச அளவு கூடியது. இதே தொடர்வினையில் பங்குபெறும் ஆஞ்சியோடென்சின் மாற்றும் நொதியின் மரபணுவை ஒன்று முதல் மூன்று படிகளாக மாற்றியபோதோ அழுத்தம் மாறவில்லை. அந்நொதியைத் தடுக்கும் மருந்துகள் குருதியழுத்தத்தைக் குறைக்கின்றன என்பதை நினைத்தால் இது வியப்பளிக்கும். ஒரு புரதம் இன்றியமையாதது என்பது வேறு, அதன் அளவில் ஏற்படும் சிறு மாற்றம் விளைவு தரும் என்பது வேறு.

குரோமோகிரானின் ஏ

அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அட்ரினலின் போன்ற கேட்டகொலமின்கள் நுண்மணிகளில் சேமிக்கப்படுகின்றன. அம்மணிகளில் நிறைந்துள்ள புரதம் குரோமோகிரானின் ஏ ஆகும். இது துண்டாகும்போது கிடைக்கும் 21 அமினோ அமிலங்கள் கொண்ட கேட்டஸ்டாட்டின், கேட்டகொலமின் வெளியேற்றத்துக்குத் தடையாகச் செயற்படுவதை 1997இல் சுசில் மகாதாவும் உடன் ஆய்வாளர்களும் அறிவித்தனர்.

இத்தடை உயிருள்ள உடலில் எவ்வளவு பெரிது என்பதை அறிய, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் இம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. நிதீஷ் மகாபாத்ரா முதலானோர் 2005இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவற்றின் குருதியழுத்தம் உயர்ந்திருந்தது. பகலிரவு ஏற்றத்தாழ்வு மறைந்தது. இதயத்தின் இடக் கீழறை பெருத்தது. சுரப்பியில் கேட்டகொலமின் இருப்புக் குறைந்தும் குருதியில் அதன் அளவு மிகுந்தும் காணப்பட்டன. கேட்டஸ்டாட்டினைச் செலுத்தியபோது அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது. மனிதரின் மரபணுவைப் புகுத்தியபோதும் அவ்வாறே ஆயிற்று. நீக்கினால் நோய், மீட்டால் நலம் என இரு முனைகளிலும் சரிபார்க்கப்பட்டதே இவ்வாய்வின் வலிமை.

சென்னை ஆய்வுகள்

மகாபாத்ரா பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் இப்பணியைத் தொடர்ந்தார். குரோமோகிரானின் ஏ புரதத்தின் 364ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் செரின் அமையும் வேறுபாட்டை அவரது குழு இந்திய மக்களிடம் ஆராய்ந்தது. இந்தியாவின் இரு வேறு மக்கள்தொகைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4000 பேரை உள்ளடக்கி 2016இல் வெளியான ஆய்வில், செரின் வடிவம் கொண்டோருக்குச் சுருங்கழுத்தம் 8 மி.மீ. வரையிலும் விரிவழுத்தம் 6 மி.மீ. வரையிலும் கூடுதலாக இருந்தது. மாற்றமுற்ற கேட்டஸ்டாட்டின், நாளங்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியைப் போதிய அளவு தூண்டுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஆனால் 2007இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் இதே வேறுபாடு, குறிப்பாக ஆண்களில், குறைந்த விரிவழுத்தத்தோடு தொடர்புபட்டிருந்தது. இரு மக்கள்தொகைகளிலும் இவ்வெழுத்து மாற்றத்தோடு சேர்ந்து மரபுரிமையாக வரும் பிற மாற்றங்கள் ஒன்றாக இல்லாதிருக்கலாம். உணவும் சூழலும் வேறு. சுண்டெலி ஆய்வு மரபணு முழுதும் இல்லாதபோது நேர்வதைக் காட்டியது. மனிதரிடம் காணப்படுவதோ ஒரேயொரு அமினோ அமிலத்தின் மாற்றம். 2018இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வுடன், குருதியழுத்தத்தோடு தொடர்புடையனவாக அறியப்பட்ட மரபணுத்தொகுதி இடங்கள் 900ஐக் கடந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.க்கும் குறைவான மாற்றத்தையே தருகின்றன.