குளிராத குளிர்ச்சி! பெப்பர்மின்ட்டைப் பெற்ற நீர்ப்புதினாவின் கதை

பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தால் என்ன ஆகிறது? நாக்கு ஜில்லென்று குளிர்கிறது. தொண்டைக்குள் பனிக்காற்று வீசுவது போல் இருக்கிறது. அதன் மேல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால், சாதாரணத் தண்ணீர் கூட ஐஸ் தண்ணீராகத் தோன்றுகிறது.

ஆனால், மிட்டாய் வாயின் சூட்டைக் குறைக்கவே இல்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். குளிர்வது போலத் தோன்றுகிறதே தவிர, உண்மையில் குளிரவில்லை!

இந்த மாயத்தைச் செய்வது பெப்பர்மின்ட் செடியின் எண்ணெய். அந்தச் செடியைப் பெற்றவை இரண்டு செடிகள். ஒன்று, நம் வீடுகளில் சட்னி அரைக்கும் புதினா. மற்றொன்று, ஐரோப்பாவின் குளத்தங்கரைகளில் முளைக்கும் நீர்ப்புதினா.

சேற்றில் வளரும் செடி

நீர்ப்புதினாவுக்குத் தண்ணீர்தான் உயிர். குளம், ஓடை, வாய்க்கால், சதுப்பு நிலம் ஆகியவற்றின் ஓரத்தில் அது படர்ந்து வளரும். ஐரோப்பாவில் மட்டுமன்றி, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் அது உண்டு. தண்டு உருண்டையாக இராது. நான்கு பக்கம் உள்ள சதுரத் தண்டு. கோடைக் காலத்தின் பிற்பகுதியில், இளம் ஊதா நிறப் பூக்கள் பந்து போல் திரண்டு பூக்கும். தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் அதைத் தேடி வரும்.

முன்காலத்து ஐரோப்பியர்கள் வீட்டுத் தரையில் மணமுள்ள பூண்டுகளைப் பரப்பி வைப்பார்கள். நடக்கும்போது இலை நசுங்கி, வீடெங்கும் மணம் வீசும். அப்படிப் பரப்பிய பூண்டுகளில் புதினாவும் ஒன்று.

கிரேக்கர்கள் இதற்கு ஒரு கதையே சொன்னார்கள். மிந்தே என்பவள் ஓர் ஆற்றுத் தேவதை. பாதாள உலகத்தின் அரசன் அவள்மீது ஆசை கொண்டான். அரசிக்குக் கோபம் வந்தது. மிந்தேயைக் காலால் மிதித்து நசுக்கினாள். அவள் ஒரு செடியாகி விட்டாள். மிதித்தால் மணக்கும் அந்தச் செடிதான் புதினாவாம்!

1753-ம் ஆண்டில், சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் நீர்ப்புதினாவுக்கு ‘மெந்தா அக்வாட்டிக்கா’ என்று பெயர் வைத்தார். ‘அக்வா’ என்றால் லத்தீன் மொழியில் தண்ணீர்.

விதை இல்லாத பிள்ளை

நீர்ப்புதினாவும் சட்னிப் புதினாவும் கலந்து பிறந்ததே பெப்பர்மின்ட். 17-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் ரே என்ற தாவர நிபுணர் அதைப் பற்றி எழுதி வைத்தார். அடுத்த நூற்றாண்டில், லண்டனுக்குத் தெற்கே உள்ள மிட்சம் என்ற ஊரில் அதை வயல் வயலாகப் பயிரிட்டார்கள்.

குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை குட்டி போடாது அல்லவா? பெப்பர்மின்ட்டும் அப்படித்தான். விதை மூலம் அது பெருகுவதில்லை. வேரையும் தண்டையும் வெட்டி நட்டே அதை வளர்க்கிறார்கள்.

இலைக்குள் ஒரு ரசாயனச் சாலை

புதினா இலையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். அவைதாம் எண்ணெய்ப் பைகள். செடி முதலில் ‘லிமோனீன்’ என்ற பொருளைச் செய்கிறது. எலுமிச்சைத் தோலின் மணத்திலும் லிமோனீன் உண்டு. அதன்மேல் ஆக்ஸிஜன் அணு எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து மணம் மாறுகிறது.

சட்னிப் புதினாவில் அது ஓர் இடத்தில் ஒட்டி, ‘கார்வோன்’ ஆகிறது. நம் புதினா மணம் என்பது இதுவே. நீர்ப்புதினாவில் வேறோர் இடத்தில் ஒட்டுகிறது. அங்கே ‘மெந்தோஃப்யூரான்’ என்ற பொருள் அதிகமாக உண்டாகிறது. பிள்ளையாகிய பெப்பர்மின்ட்டில், நீர்ப்புதினாவின் வழியிலேயே இன்னும் சில படிகள் தாண்டி ‘மெந்தால்’ பிறக்கிறது. நல்ல பெப்பர்மின்ட் எண்ணெயில் 100-க்கு 30 முதல் 55 பங்கு வரை மெந்தால் இருக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் ‘புதினா உப்பு’ என்று விற்பது இந்த மெந்தால்தான். பெயர்தான் உப்பு, அது உப்பே அல்ல. இன்று அது பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தில் விளையும் மற்றொரு வகைப் புதினாவிலிருந்து கிடைக்கிறது.

ஏமாறும் நரம்பு

மெந்தால் குளிர்வது எப்படி? தோலிலும் நாக்கிலும் உள்ள நரம்புகளில், குளிரைக் கண்டவுடன் திறக்கும் நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. மெந்தால் பட்டாலும் அதே கதவு திறந்து கொள்கிறது. ‘குளிர் வந்துவிட்டது’ என்று மூளைக்குச் செய்தி போகிறது. மூளை நம்பி விடுகிறது!

2002-ம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் தனித்தனியே இந்தக் கதவைக் கண்டுபிடித்தார்கள். சூட்டையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக, 2021-ம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சளி பிடித்தால் மெந்தால் தைலம் தடவுகிறோம். மூக்கு திறந்து கொண்டது போல் இருக்கிறது. அதுவும் தோற்றமே! உள்ளே போகும் காற்றின் அளவை அளந்து பார்த்தால், அது கூடியிருப்பதில்லை.

வயிற்று விஷயம் வேறு. பெப்பர்மின்ட் எண்ணெய் குடலின் தசையைத் தளரச் செய்து, பிடித்து இழுக்கும் வலியை உண்மையாகவே குறைக்கிறது. அதைக் கூட்டுக்குள் அடைத்த மாத்திரையாக டாக்டர்கள் கொடுப்பதுண்டு. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது ஆகாது. இரைப்பையின் வாய்த் தசையும் தளர்ந்து, புளிப்பு மேலே ஏறும்.

காட்டில் பறிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஆடு மாடு மேயும் குட்டைக் கரையில் பறித்த நீர்ப்புதினாவைப் பச்சையாகத் தின்றால், ஈரலைத் தாக்கும் புழு உடலில் புகக்கூடும்.

தாய்மார்கள் கவனிக்க!

பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் மெந்தால், கைக்குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். பச்சைக் குழந்தையின் மூக்கருகே மெந்தால் தைலத்தைத் தடவினால், தொண்டை இறுகி மூச்சு நின்று போகவும் கூடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தைலத்தை மூக்கிலோ முகத்திலோ மார்பிலோ தடவக் கூடாது. சளியால் குழந்தை மூச்சு விடத் திணறினால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பல தைலங்களில் கற்பூரமும் சேர்ந்திருக்கும். குழந்தைகள் அதை விழுங்கினால் விஷம்.  ஆகவே தைல டப்பியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்!