போகொட மரப்பாலம்

பதுளை மாவட்டம், இலங்கை
16ஆம் நூற்றாண்டு

கண்டியையும் பதுளையையும் இணைத்த பழைய நடைவழியில், கல்லந்த ஓயாவைக் கடக்கக் கட்டப்பட்ட பாலம் இது. நீளம் சுமார் 50 அடி, அகலம் 6 அடி. பலா, மருது முதலிய மரங்களால் ஆனது. இரும்பு ஆணிக்குப் பதில் மரமுளைகளே இணைப்புகளை இறுக்குகின்றன. ஓடையில் ஊன்றிய பெரிய அடிமரம் பாலத்தைத் தாங்குகிறது.

பாலத்தின் மேலுள்ள ஓட்டுக் கூரை அழகுக்காக மட்டும் வேய்ந்ததல்ல. மலைநாட்டு மழையில் நனைந்தே கிடந்தால் மரம் விரைவில் உளுத்துவிடும். ஓடுகள் அந்த ஈரத்தைத் தடுக்கின்றன. நடந்து களைத்தவர்களுக்கும் நிழல் கிடைத்தது. பக்கவாட்டுக் கைப்பிடிகளின் மரவேலையைச் சற்று நின்று பாருங்கள். அருகில் உள்ளது போகொட குகை விகாரை.