வர்ணம் போன பின்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இரசாயனம் என்னும் சொல்லைக் கேட்டதும் எவர்க்கும் பட்டாசே நினைவுக்கு வரும். மாணவ நண்பர்களே, இன்று நான் கூறப்போவது பட்டாசைப் பற்றியதன்று. ஒரு பழைய தேக்குக் கதவைப் பற்றியது. ஆயினும் பேச்சு முடிவதற்குள் நெருப்பு ஒருமுறை தலைகாட்டாமலிராது.

எங்கள் வீட்டு முன்கதவு பாட்டனார் காலத்தது. செட்டிநாட்டு மாளிகைகளுக்குக் கப்பலில் வந்ததைப் போன்ற பர்மாத் தேக்கு என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தலைமுறைக்கொரு பூச்சாகப் பச்சை வர்ணம் ஏறி, செதுக்கிய தாமரையெல்லாம் கொழுக்கட்டை போலாகிவிட்டது. காஸ்டிக் சோடாவை நீரிற் கரைத்துப் பூசினேன். வர்ணம் பாலாடை போலச் சுருண்டு வந்தது. ஒருமுறை கழுவி, ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, வார்னிஷ் அடித்தேன். பதினைந்தே நாளில் அது பிசுபிசுத்து, வெண்பொடி பூத்து, உரியத் தொடங்கியது. பார்க்க வந்த முதிய ஆசாரி, "தம்பி, வர்ணத்தைத்தான் எடுத்திருக்கீக; காரம் உள்ளேயே இருக்கு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆளிவிதை எண்ணெய் போன்றதோர் எண்ணெய், காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகியதே எண்ணெய் வர்ணத்தின் ஏடு. காரம் அவ்வெண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிவிடுகிறது. சோப்புக் காய்ச்சும் இடத்தில் நடப்பதும் இதுவே. மரத்தின் நுண்துளைகளில் எஞ்சிய காரம், புதிதாகப் பூசும் வார்னிஷையும் அவ்வாறே தின்னும்.

காரம் போயிற்றா என்று அறிய லிட்மஸ் தாள் வேண்டுவதில்லை. மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்திய வெள்ளைத்துணி போதும். ஈர மரத்தில் ஒற்றும்போது அது குங்குமச் சிவப்பானால், காரம் இன்னும் உளது என்று பொருள். பலமுறை நல்ல நீரால் கழுவிய பின், வினிகர் என்னும் காடியில் சம அளவு நீர் சேர்த்துத் துடைக்க வேண்டும். அமிலமும் காரமும் கூடி உப்பும் நீருமாகும். அவ்வுப்பும் போக, மீண்டும் கழுவ வேண்டும்.

இனிப் பொறுமை தேவை. வெயிலில் காய்ந்தால் பலகை வெடிக்கும். நிழலிற் பல நாள் உலரட்டும். உலர்ந்ததும் மரநார்கள் மயிர்போல் எழுந்து நிற்கும். அவற்றை நுண்ணிய உப்புத்தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் நிலைத்துவிடும். ஆணியைச் சுற்றிய கருங்கறை, இரும்பும் மரத்துவர்ப்பும் சேர்ந்த மை. ஆக்ஸாலிக் அமிலம் அதனை நீக்கும். அது நஞ்சு என்பதை மறவாதீர்கள். பழைய வர்ணம் எஞ்சிய இடத்தையோ ஈரமாகவே தேய்க்க வேண்டும். அதில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டு வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கை மீறலாகாது என்னும் விதி 2017 நவம்பரிலேதான் நடைமுறைக்கு வந்தது.

கடைகளில் விற்ற வர்ணநீக்கிகள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே பறித்ததால், அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பது தடுக்கப்பட்டது. அவ்வகையில் காரம் இல்லை. ஆவி விரைந்து போகாதிருக்கச் சேர்த்த மெழுகு மட்டும் மரத்தில் தங்கும். அதைக் கற்பூரத் தைலத்தால் துடைக்காவிடில் எந்தப் பூச்சும் உலராது.

இரண்டு எச்சரிக்கைகள். காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கலாகாது. கொதித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அலுமினியத் தூள் புழங்கும் நம் ஊரில் இதனை வற்புறுத்த வேண்டியதில்லை. சோடாவை நீரில் இட வேண்டும். நீரைச் சோடாவில் ஊற்றலாகாது.

மற்றொன்று கந்தல் துணி. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், பிராணவாயுவை ஏற்கும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கி, நெருப்பு வைக்காமலே தீப்பற்றும். கதவை இரண்டாம் முறை செம்மை செய்து எண்ணெய் பூசிய அன்று, ஆசாரி முதலில் கேட்டது ஒரு வாளித் தண்ணீர்தான். துணிகளை அதில் அமிழ்த்தி, வாளியை முற்றத்தின் நடுவில் வைத்த பிறகே அவர் கையலம்பினார்.