வயிற்றுத் தசைக்கு ஒரு பயிற்சி

நெஞ்சைச் சுற்றி விலா எலும்புகள் கூடுபோல் அமைந்து இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. அதற்குக் கீழே இடுப்பெலும்பு வரையில், பின்புறத்து முதுகெலும்பு ஒன்றைத் தவிர வேறு எலும்பே இல்லை. அங்குத் தசைகளே சுவர். நடுவில் ஒரு தசை நெடுக ஓடுகிறது. பக்கங்களில் சாய்வாகவும் குறுக்காகவும் மூன்று அடுக்குகள் உள்ளன. முதுகெலும்பு தள்ளாடாமல் நிற்க இச்சுவரும் துணை செய்கிறது.

தண்டாலும் பஸ்கியும் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குவன. முன்னது தோளையும் மார்பையும், பின்னது தொடையையும் உரப்படுத்தும். வயிற்றுக்கென்று பலர் செய்வதோ, மல்லாந்து படுத்துத் தலைக்குப் பின்னே கைகளைக் கோத்து, முழுவதும் எழுந்து உட்காருவதாகும். தோள்கள் தரையைவிட்டு எழுந்தபின், எஞ்சிய எழுச்சியைப் பெரிதும் நிகழ்த்துவன வயிற்றுத் தசைகள் அல்ல. முதுகெலும்பையும் தொடையையும் பிணைக்கும் இடுப்புத் தசைகளே. அவை இழுக்குந்தோறும் முதுகெலும்பு அழுத்தமுறுகிறது. விரைந்து செய்வோர் கழுத்தையும் கைகளால் இழுத்துவிடுகின்றனர். அமெரிக்கத் தரைப்படை, வீரர்கள் இரண்டு நிமிடத்தில் எத்தனை முறை இவ்வாறு எழுகின்றனர் என்று 1980 முதல் கணக்கிட்டு வந்தது. 2022ஆம் ஆண்டுக்குள் இப்பயிற்சி அச்சோதனையிலிருந்து முற்றும் நீங்கிவிட்டது.

கானடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் எளிய முறை ஒன்றைப் பரப்பினார். புதிதாகத் தொடங்குவோர்க்கு அது மிகவும் ஏற்றது.

பாய் விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, மற்றொரு காலை நீட்ட வேண்டும். இடுப்புக்குப் பின்னால் முதுகு இயல்பாகவே சற்று வளைந்திருக்கும். அவ்வளைவு தரையில் அழுந்தாதபடி இரு கைகளையும் அதன் அடியில் வைக்க வேண்டும். தோழன் ஒருவன் விளையாட்டாக வயிற்றில் குத்த வந்தால் உடனே வயிற்றை இறுக்குகிறோம் அல்லவா? அவ்வாறு இறுக்கி, தலை, கழுத்து, தோள் மூன்றையும் ஒருசேரச் சிறிதளவே உயர்த்த வேண்டும். தலை ஓர் எடைக்கருவியின்மேல் இருப்பதாகக் கொண்டால், அதன் முள் சுழிக்கு வரும் அளவு உயர்த்தினால் போதும். மோவாய் மார்பை நோக்கிக் குனியலாகாது. எட்டு அல்லது பத்து விநாடி அப்படியே இருந்து, பின் மெல்ல இறங்க வேண்டும். மூச்சை அடக்குதல் கூடாது. தொடக்கத்தில் நான்கைந்து முறை போதும். பாதியில் கால்களை மாற்றிக்கொள்ள வேண்டும். பார்ப்பவர்க்கு இது பயிற்சியாகவே தோன்றாது. செய்பவன் வயிறே அதனை அறியும்.

வயிற்றுக் கொழுப்பை மட்டும் இது கரைக்கும் என்பது தவறான எண்ணம். கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் குறைவதன்றி, உழைக்கும் இடத்திலிருந்து மட்டும் குறைவதில்லை. முதுகில் வலி தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். துயில் நீங்கி எழுந்தவுடன் இதனைச் செய்யலாகாது. முதுகெலும்புகளின் இடையே உள்ள வட்டுகள் இரவில் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். ஒரு மணி நேரமேனும் நடமாடியபின் தொடங்கலாம்.