ஹியூமேட்: உரமா, உப்பா?

உரக்கடையில் 'ஹியூமேட்' என்று எழுதிய கறுப்புத் தூளோ திரவமோ உங்கள் கைக்கும் வந்திருக்கும். வேர் நன்றாகப் பிடிக்கும், தூர் கட்டும் என்று சொல்லி விற்பார்கள். அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கரிம அமிலம் ஒன்று காரத்தோடு சேர்ந்தால் உப்பு உண்டாகும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் உப்பு அசிட்டேட். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு சிட்ரேட். அப்படியே ஹியூமிக் அமிலத்தின் உப்பு ஹியூமேட். 'உப்பு' என்றதும் வயல் உவராகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். சமையல் உப்பு வேறு, இது வேறு.

ஹியூமிக் அமிலம் மட்கில் இருப்பது. மட்கிய தொழுவுரத்திலும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் அதற்குச் சுரங்கமே இருக்கிறது: நெய்வேலி பழுப்பு நிலக்கரி. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துப் பிரித்தால் பொட்டாசியம் ஹியூமேட் கிடைக்கும். இந்த நிலக்கரியிலிருந்து எடுத்த ஹியூமிக் அமிலத்தைப் பயிர்களுக்கு இட்டுப் பார்த்த ஆய்வுகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலும் நடந்துள்ளன.

அமிலமாகவே இட்டால் என்ன? தண்ணீரில் கரையாது. பொட்டாசியம் உப்பாக்கினால் கரையும். பலர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். ஹியூமேட் கரைசலோடு கால்சியம் நைட்ரேட்டைக் கலந்தால் கரையாத கால்சியம் ஹியூமேட்டாகத் திரண்டுவிடும். பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தாலோ பழையபடி அமிலமாகி அடியில் படியும். சொட்டுநீர்க் குழாயும் தெளிப்பான் முனையும் அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரிலும் இப்படி நேரலாம். எனவே முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது கலந்து, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தால் தனியாகவே விடுங்கள்.

இதைப் பொட்டாஷ் உரத்துக்குப் பதிலாக நினைக்கக் கூடாது. பாக்கெட்டில் 10 சதவீதப் பொட்டாஷ் என்று போட்டிருந்தால் ஒரு கிலோவில் 100 கிராம்தான். 50 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் மூட்டையில் சுமார் 30 கிலோ இருக்கிறது. களர் நிலத்துக்கு ஜிப்சமும் வடிகாலும் செய்யும் வேலையையும் இது செய்யாது. மட்கு குறைந்த மணற்பாங்கான செம்மண்ணில் பலனை எதிர்பார்க்கலாம். ஆண்டுதோறும் தொழுவுரமும் தக்கைப்பூண்டும் போட்டு வரும் வயலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அங்கே கால் ஏக்கரில் மட்டும் இட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதிக்கு வாங்குங்கள்.

ஹியூமிக் பொருட்கள் உள்ளிட்ட உயிரித் தூண்டிகள் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. வாங்கும்போது லேபிளில் ஹியூமிக் அமிலத்தின் சதவீதம், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.