"நிர்வாகம் பொறுப்பல்ல": அந்த போர்டுக்கு என்ன மதிப்பு?

(ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் கொஞ்சம் கோபத்தோடதான் மைக் முன்னாடி உக்காந்திருக்கேன்.

போன மாசம் திருவெறும்பூர் பக்கம் ஒரு மண்டபத்துல சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்பு. பந்தி முடிஞ்சு கை கழுவப் போன என் அத்தை, ஈர டைல்ஸ்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டாங்க. கை கழுவுற இடத்துலேர்ந்து படி வரைக்கும் தண்ணி. ஒரு மிதியடிகூட கிடையாது. மேனேஜர்கிட்ட கேட்டா, வாயே திறக்காம சுவத்தைக் காட்டுறார். "அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

நான் கோடு எழுதுறவன், வக்கீல் இல்லை. ஆனா ஒரு போர்டை மாட்டிட்டா பொறுப்பு போயிடுமாங்கிற கேள்வி விடவே இல்லை. தேட ஆரம்பிச்சப்போ முதல்ல போய் நின்னது இஸ்ரேல்ல. ஏன்னு சொல்றேன்.

2021 ஏப்ரல் 30, நள்ளிரவு தாண்டின நேரம். வட இஸ்ரேல்ல மெரோன் மலை. லாக் பாஓமர்ங்கிற யூதப் பண்டிகைக்கு ரப்பி ஷிமோன் பார் யோஹாய் சமாதியில பெருங்கூட்டம். வெளிய வர்ற வழிகள்ல ஒண்ணு குறுகலான சரிவு. தரை உலோகத் தகடு, முடியுற இடத்துல படிக்கட்டு. முன்னாடி போன சிலர் வழுக்கி விழுந்தாங்க. பின்னாடி வர்றவங்களுக்கு அது தெரியாது, அவங்க நடந்துக்கிட்டே இருக்காங்க. 45 பேர் செத்துட்டாங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். நாம "மிதிபட்டு இறந்தாங்க"னு எழுதிப் பழகிட்டோம். கூட்ட நெரிசல்ல பெரும்பாலான சாவு மிதிபட்டு வர்றதில்லை. நாலு பக்கமும் அழுத்தம் ஏறி, நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு நின்னுடுது, சில சமயம் நின்ன நிலையிலேயே. ஒரு சதுர மீட்டர்ல 5 பேருக்கு மேல போனாலே ஆபத்து ஆரம்பிச்சிடுது. அதுக்கப்புறம் யாரும் யாரையும் தள்ளத் தேவையில்லை, கூட்டமே தண்ணி மாதிரி அலையடிக்கும். அதனால "ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லை"ங்கிற பேச்சை நான் ஏத்துக்கிறதில்லை. வழியை வடிவமைச்சவங்களைத்தான் கேட்கணும்.

மெரோன்ல எரிச்சல் என்னன்னா, இஸ்ரேலோட அரசுத் தணிக்கையாளர் 2008லயும் 2011லயும் அந்த இடம் ஆபத்துன்னு எழுதியே வெச்சிருந்தார். இடம் பல அறக்கட்டளைகள் கையில. அவங்க அரசைக் காட்ட, அரசு அவங்களைக் காட்ட, சரிவு அப்படியே இருந்துச்சு. விசாரணை ஆணையம் 2024 மார்ச்ல கொடுத்த அறிக்கை, பிரதமர் நெதன்யாகுவுக்கே தனிப்பட்ட பொறுப்பு இருக்குன்னு சொல்லுச்சு. மெரோன் நடந்து 16 நாள்ல, கிவாத் ஸெயேவ்ல கட்டி முடிக்காத ஒரு ஜெபாலயத்துக்குள்ள ஆட்கள் நிக்கிற படிமேடை சரிஞ்சு 2 பேர் செத்தாங்க, 160 பேருக்கு மேல காயம்.

இத்தனைக்கும், யூத மரபுல இதுக்குப் பழைய விதியே இருக்கு. புது வீடு கட்டினா மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கணும். வைக்காம ஒருத்தன் விழுந்தா பழி வீட்டுக்காரன் மேல. உபாகமம் 22ஆம் அதிகாரம். பின்னால வந்த மைமோனிடெஸ் மாதிரி சட்ட அறிஞர்கள், இது மாடிக்கு மட்டும் இல்லை, ஆளைக் கொல்லக்கூடிய எல்லாத்துக்கும்தான்னு விரிச்சாங்க. விதி இருந்தும் செயல்படுத்த ஆள் இல்லை. நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்குல்ல?

நம்ம ஊர்க் கதைன்னா, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். 2004 ஜனவரி 23. கல்யாண மண்டபத்து மாடியில கீத்துப் பந்தல். வீடியோ எடுக்கிறதுக்கு இழுத்த மின்சார வயர்ல பொறி. கீத்து பிடிச்சுக்கிச்சு. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. நான் அப்போ ரொம்பச் சின்னப் பையன். வீட்ல டிவியை ஆஃப் பண்ணினது மட்டும் ஞாபகம். ஆறு மாசம்கூட ஆகலை, ஜூலை 16ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல அதே கீத்துக்கூரை, 94 குழந்தைங்க. ஸ்ரீரங்கத்துக்கு அப்புறமே கீத்தைக் கணக்கெடுத்து இறக்கியிருந்தா? இதுக்கு மேல என்னால பேச முடியலை, சட்டத்துக்கு வர்றேன்.

2006 ஏப்ரல் 10, மீரட்ல ஒரு பொருட்காட்சிப் பந்தல் எரிஞ்சு 65 பேர் இறந்தாங்க. அமைப்பாளர்கள் சொன்ன வாதம்: பந்தல் போட்டது கான்ட்ராக்டர், அவரைக் கேளுங்க. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. இழப்பீட்டுல 60 சதவீதம் அமைப்பாளர்கள், 40 சதவீதம் மாநில அரசுன்னு பிரிச்சது. கூட்டத்தைக் கூப்பிட்டவனும், அனுமதி கொடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டவனும், ரெண்டு பேருமே பதில் சொல்லணும்.

அப்போ அந்த போர்டு? கவனக்குறைவால ஒருத்தர் செத்தா பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு, 5 வருஷம் வரைக்கும் சிறை. குற்ற வழக்கை எந்த போர்டாலயும் தள்ளுபடி பண்ண முடியாது. இழப்பீட்டு வழக்குலயும் போர்டு மாட்டினதாலேயே கவனமா இருக்க வேண்டிய கடமை கரைஞ்சு போயிடாது.

அத்தை உடனே கேட்டாங்க, "வாடகை கொடுத்தது அவங்க, நான் சாப்பிட வந்தவ. எனக்கு என்னடா உரிமை?" நியாயமான கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதுக்கு வழி விடுது: காசு கொடுத்தவர் சம்மதத்தோட அந்தச் சேவையைப் பயன்படுத்துறவரும் நுகர்வோர்தான். விருந்தாளின்னு ஒதுக்கிட முடியாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்க 2 வருஷம் டைம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்லை. சந்தேகம்னா 1915க்கு போன் பண்ணலாம். இலவசமா நுழையுற கோயில், தர்கா, சர்ச்சுக்கு இந்த வழி பொதுவா ஒத்துவராது; அங்க சிவில் கோர்ட்டு, அரசோட தவறுன்னா உயர் நீதிமன்றம்.

விழுந்த அன்னைக்கே செய்ய வேண்டியது: தரையை ஈரம் காயறதுக்குள்ள போட்டோ எடுங்க, போர்டையும் சேர்த்து. ஆஸ்பத்திரியில எங்க, எப்படி விழுந்தீங்கன்னு எழுதச் சொல்லுங்க. மண்டப ரசீது காப்பி வாங்கி வைங்க. பார்த்தவங்க ரெண்டு பேர் நம்பர்.

புக் பண்றவங்களுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். சமையல்கட்டையும் ஏசியையும் பார்க்கிற நேரத்துல ரெண்டாவது படிக்கட்டு எங்கன்னு கேளுங்க, நடந்தும் போய்ப் பாருங்க. முக்கால்வாசி இடத்துல அங்க நாற்காலி அடுக்கியிருப்பாங்க, இல்லேன்னா பூட்டு தொங்கும். எங்க வேலையில ஒரே ஒரு சர்வரை நம்பி சிஸ்டம் கட்டினா திட்டு விழும். ஐந்நூறு பேருக்கு ஒரே படிக்கட்டுன்னா யாரும் வாயைத் திறக்கிறதில்லை. உரிமமும் தீயணைப்புத் துறைச் சான்றும் கேளுங்க. கேட்டா முகம் சுளிப்பாங்க, பரவாயில்லை.

அத்தை இன்னும் புகார் கொடுக்கலை. பணம் பிரச்சினை இல்லை. "வளைகாப்பு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? நல்ல காரியத்துல கேஸ்னு பேர் வந்துடுமே"ங்கிறாங்க. புகார் மண்டபத்து மேல, அவங்க மேல இல்லைன்னு மூணு தடவை சொல்லிட்டேன். நேத்து சாயந்திரம் எக்ஸ்ரேயையும் பில்லையும் ஒரு மஞ்சப்பையில போட்டு பீரோவுக்கு மேல வெச்சிருக்காங்க. தூக்கிப் போடலை. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த வளைகாப்பு வீட்டுக்கே நானும் அவங்களும் போய்ப் பேசப்போறோம். ரசீது அவங்ககிட்டதான் இருக்கு.