கப்பல்காரக் குடும்பம் - 6: மஸகாவ் வீட்டு விளக்கு

பர்கூர் பஜாரில் எனக்குத் தெரிந்த ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் போன வாரம் மடக்கினார். கையில் கத்தி, காலடியில் பாதி பிரித்த பேல். "கப்பல் கட்டுனவங்கள பத்தியே எழுதிட்டு வர்றீங்களே, நம்மூருக்கும் அதுக்கும் என்னாங்க சார் சம்பந்தம்?" என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் லாரி ஏறிப் போவது கிரானைட் கல். கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னை பஸ் பிடித்து ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். ஆனால் அவர் அறுத்துக்கொண்டிருந்த பேல் சூரத்திலிருந்து வந்தது. ஜவுளிக் கடைகளால்தான் பர்கூருக்குக் ‘குட்டி சூரத்’ என்று பெயர். அந்தப் பெரிய சூரத்திலிருந்து 1736இல், கிழக்கிந்தியக் கம்பெனி கூப்பிட்டதன் பேரில், சில தச்சர்களைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிய பார்சிக்காரர்தான் நம்முடைய லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா. கடைக்காரரின் பின்னால் அலமாரியில் பாம்பே டையிங் துண்டுகள் அடுக்கியிருந்தன. அதுவும் அதே குடும்பத்துக் கம்பெனி. சொன்னேன். திரும்பி ஒருமுறை அலமாரியைப் பார்த்துவிட்டு, "அப்ப எழுதுங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

லவ்ஜி காலத்தில், 1750இல், பம்பாயில் உலர் துறை எழும்பியதையும், அவர் பேரன் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டிக் கொடுத்ததையும் பார்த்துவிட்டோம். போன வாரம் இடமில்லாமல் விட்டுப்போன ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையின் பெயர் சூட்டிய ‘டிரிங்கோமலி’ கப்பலின் வரைபடங்கள் இங்கிலாந்திலிருந்து முதலில் வந்து சேரவேயில்லை. அவற்றைச் சுமந்து வந்த ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். மறுபடி வரைந்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஜம்ஷெட்ஜி பார்சி முறைப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12இல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது மிதக்கிறது. காரணம், தேக்கு. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் ஆணியைக் காப்பாற்றும். மலபாரிலிருந்தும், பின்னாளில் நம் ஆனைமலையிலிருந்தும் பம்பாய்க்குத் தேக்கு போனது. டாப்சிலிப் என்று நாம் சுற்றுலா போகும் இடத்தின் பெயரே, மேலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்டதால் வந்தது.

இந்த வாரத்து ஆளுக்குத் தேக்கின் மேல் அவ்வளவு மோகம் இல்லை. இரும்பு, நெருப்பு, ஆவி என்றால் உயிரை விடுவார்.

அர்தசீர் குர்ஷேத்ஜி வாடியா 1808இல் பிறந்தார். அப்பாவும் கப்பல் துறைத் தச்சர். பதினான்கு வயதில் அர்தசீரும் அதே துறையில் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் அது பள்ளிக்கூடம் போவது மாதிரி. பரம்பரைத் தொழில் கையிலிருக்க, இந்தப் பையன் மட்டும் நீராவி என்ஜினைத் தேடிப் போனார். 1833இல் ‘இண்டஸ்’ என்ற சிறு கப்பலில் என்ஜினைப் பொருத்தினார். மறு வருஷம் பம்பாயின் மஸகாவ் பகுதியில் இருந்த தன் வீட்டையும் தோட்டத்தையும் கேஸ் விளக்கால் ஜெகஜ்ஜோதியாக ஆக்கினார்.

கேஸ் என்றதும் சிலிண்டரை நினைக்க வேண்டாம். நிலக்கரியைக் காற்றுப் புகாத இரும்புக் கலத்தில் அடைத்து, வெளியிலிருந்து நெருப்பு மூட்டிச் சுட வேண்டும். கரி எரியாது, வெந்து, புகையாக வாயுவைக் கக்கும். அதைத் தண்ணீருக்குள் விட்டுத் தாரைப் பிரித்து, குழாய்களில் ஓடவிட்டு, முனையில் தீக்குச்சி காட்டினால் விளக்கு. குழாய் ஒழுகினால் வீடே போகும். மண்ணெண்ணெய் விளக்கே வராத காலத்தில், தேங்காயெண்ணெய்த் திரியில் வாழ்ந்த ஊரில், இருபத்தைந்து வயதுத் தச்சர் ஒருவர் இதைச் சொந்தச் செலவில் செய்திருக்கிறார். கவர்னர் கிளேர் பிரபுவே பார்க்க வந்தார். பம்பாய்த் தெருக்களுக்கு கேஸ் விளக்கு வர 1865 ஆயிற்று.

1839இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சூயஸ் கால்வாய் வெட்டாத காலம். செங்கடலில் கப்பல், பிறகு எகிப்தின் பாலைவனத்தைத் தரைவழியாகக் கடந்து, மறுபடி மத்தியதரைக் கடலில் கப்பல். இந்தப் பயணத்தைப் புத்தகமாகவே எழுதி 1840இல் வெளியிட்டார். அவருக்கு ஒரு வருஷம் முன்னதாகவே குடும்பத்துப் பையன்கள் இருவர், ஜெஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும், கப்பல் கட்டும் வித்தை படிக்க அங்கே போயிருந்தார்கள். தலைப்பாகையையும் அங்கியையும் பார்க்க லண்டன் தெருக்களில் கூட்டம் கூடியது. இவர்கள் இருவரும் தாங்கள் பார்த்ததைப் புத்தகமாக்கினார்கள். எழுதும் பழக்கம் கொண்ட தச்சுக் குடும்பம் இது.

1841 மே 27 அன்று லண்டன் ராயல் சொசைட்டி அர்தசீரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்தை அடைந்த முதல் இந்தியர் அவர். இரண்டாவது இந்தியர் நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், 1918இல். நடுவில் எழுபத்தேழு வருஷம். ராமானுஜன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, அவருக்கு முன்னால் அந்தப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்ததை யாரும் சொல்லவில்லை. இந்தத் தொடரை எழுத உட்காரும்வரை எனக்கும் தெரியாது.

அதே வருஷம் ஏப்ரலில் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்கு அவர் தலைமை என்ஜினீயர் ஆனார். அவருக்குக் கீழே ஐரோப்பிய என்ஜினீயர்களும் பாய்லர் தொழிலாளர்களும். என்னதான் படித்தவன் என்றாலும் நேட்டிவ் ஒருவனின் கீழே வெள்ளைக்காரன் வேலை செய்வதா என்று பம்பாயின் ஆங்கிலப் பத்திரிகை குமுறியது. அர்தசீர் வேலையைப் பார்த்தார். 1849இல் அமெரிக்கா போய் மரம் அறுக்கும் இயந்திரங்களோடு திரும்பினார். 1851இல், எல்லாப் பாகங்களையும் தன் சொந்த வார்ப்படசாலையிலேயே செய்து, ஒரு நீராவிக் கப்பலை இறக்கினார். அதற்கு வைத்த பெயர் ‘லவ்ஜி ஃபேமிலி’. தாத்தாக்களின் தொழிலை விட்டுப்போனவர் என்று வீட்டில் யாராவது பேசியிருந்தால் அவர்களுக்கு அதுவே பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தையல் மெஷின், போட்டோ, எலக்ட்ரோபிளேட்டிங் மூன்றையும் பம்பாய்க்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். எங்கள் பஜாரில் திண்ணைக்குத் திண்ணை மெஷின் போட்டு ஃபால்ஸ் அடிக்கிறார்களே, அதைக் கடக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அர்தசீர் ஞாபகம்.

ஆனால் குடும்பத்தின் கப்பல் தொழிலை அவராலும் நிறுத்திவைக்க முடியவில்லை. இரும்புத் தகடும் என்ஜினும் பிரிட்டனில் மலிவாகக் கிடைக்கும்போது தேக்குக் கப்பலை யார் கேட்பார்? 1869இல் கால்வாய் திறந்ததும் பாய்மரத்தின் கதை முடிந்தது. அர்தசீர் 1857இல் ஓய்வு பெற்றார். கொஞ்ச காலம் சிந்து நதிப் படகுக் கம்பெனியில் இருந்தார். பிறகு இங்கிலாந்தின் ரிச்மண்டில், மரியன் பார்பர் என்ற ஆங்கிலப் பெண்ணோடும் பிள்ளைகளோடும் குடியேறினார். பம்பாயில் பார்சிக் குடும்பம், ரிச்மண்டில் ஆங்கிலக் குடும்பம். இரண்டுக்கும் நடுவே என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1877 நவம்பர் 16 அன்று அங்கேயே காலமானார். 1969இல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

வாடியா என்றாலே தர்மம் என்று பம்பாயில் சொல்வார்கள். அந்தப் பெயரை வாங்கித் தந்தது அர்தசீர் இல்லை; அவர் காசெல்லாம் குழாயிலும் கொப்பரையிலும் போயிற்று. அதில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது. பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தவர் மோத்லிபாய் வாடியா. நவ்ரோஜி நுசர்வான்ஜி வாடியா 1879இல் பருத்தி நூலுக்குக் கையால் சிவப்பு, பச்சை, ஆரஞ்சுச் சாயம் முக்கி வெயிலில் உலர்த்தித் தொடங்கியதுதான் பாம்பே டையிங். அவர் மனைவி ஜெர்பாய், பணம் வந்ததும் ஏழைப் பார்சிகள் குறைந்த வாடகையில் வாழ வீடுகள் கட்டினார். முதலாவது, லால்பாகில் 1908இல் எழுந்த நவ்ரோஸ் பாக். பரேலில் இன்றும் ஓடும் குழந்தைகள் மருத்துவமனை, அந்த அம்மாவின் பெயரில் பிள்ளைகள் கட்டியது.

கடைக்காரரிடம் இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன். இந்தக் கப்பல்கார வம்சத்தில் பிறந்த பி.பி. வாடியா, அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தவர், 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைப் போய்ப் பார்த்தார். சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரத்தில் வரிசையில் நின்று, அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி தறிக்கு ஓடிக்கொண்டிருந்த ஜனங்கள். ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவர் திரு.வி.க. அந்த மேடைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)